ஒரு கட்டை கீழே

பியானோ கப்பலில் வந்தது. நைனா முகமது அதற்கு ஆறு வாரம் முன்பே விமானத்தில் வந்துவிட்டார். கார்கோ ஆட்கள் பெட்டியை லப்பைக்குடிக்காட்டில் அவர் வீட்டு முன்னறையில் இறக்கினார்கள். டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர் பெட்டியைப் பிரித்தார். உள்ளே இரண்டு போர்வைகள். போர்வைகளுக்குள் ஸ்டேஜ் பியானோ, கரண்டில் ஓடுவது.

துபாயில் ஒரு ஹோட்டலில் பத்தொன்பது வருடம் மேடை ஆளாக இருந்தார். மேடை போடுவது, மைக் வைப்பது, ஒயர் இழுப்பது, மாலையில் லாபியில் இந்தப் பியானோவைத் தயார் செய்வது. சென்ற வருடம் லாபியை இடித்துக் காபிக்கடை ஆக்கினார்கள். பழைய பியானோவை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, லீவுக்குப் போகும்போது எடுத்துப் போ என்றார்.

குறுக்குக் கால் ஸ்டாண்டை விரித்து நிறுத்தினார். இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். தரை ஒரு பக்கம் சரிவு. அட்டையை நான்காக மடித்து ஒரு காலுக்கு அடியில் வைத்தார். பியானோவைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். மனைவி நஃபீசா ஒரு முனையைப் பிடித்தாள்.

"இவ்வளவு கனமா இருக்கு."

"உள்ள சுத்தியல் இருக்கு. எண்பத்தெட்டு."

"எண்பத்தெட்டு சுத்தியலா. தச்சுப் பட்டறையே வெக்கலாம்."

அவள் சமையல்கட்டுக்குப் போனாள். அவர் அடாப்டரைச் செருகினார். பெடலை மாட்டினார். வால்யூமை அடியில் வைத்தார். எல்லா ஒயரும் மாட்டிய பிறகுதான் பவர் போட வேண்டும். போட்டார். இந்தப் பியானோவில் ஸ்பீக்கர் கிடையாது. ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் வைத்தார்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. சோதிக்கத் தெரியும். இடக்கோடியில் முதல் கீ. மெதுவாக ஒரு முறை, நடுத்தரமாக ஒரு முறை, ஓங்கி ஒரு முறை. பிறகு அடுத்த கீ. வலக்கோடி வரை. ஏதாவது ஒன்று ஒட்டுகிறதா, கரகரக்கிறதா, ஓங்கி அடித்தும் மெதுவாகவே கேட்கிறதா என்று பார்ப்பார். முழுதும் முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். பத்தொன்பது வருடத்தில் அவர் வாசித்தது இது ஒன்றுதான்.

நஃபீசா வாசலில் வந்து நின்றாள்.

"வேலை செய்யுதா?"

"செய்யுது."

"ஒண்ணும் கேக்கலையே."

"எனக்குக் கேக்குது."

ஹெட்ஃபோனைக் கழற்றி நீட்டினார். அவள் முக்காட்டுக்கு மேலேயே வைத்துக்கொண்டாள். அவர் நடுவில் ஒரு கீயை அழுத்தினார். அவள் அது தேய்ந்து முடியும்வரை நின்றாள்.

"நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்து சோதித்தார். சோதிக்கத் தேவை எதுவும் இல்லை. மகள் ருமைசா பெரம்பலூரில் கல்லூரி முடிந்து ஐந்தரைக்கு வருவாள்.

"அத்தா, வெளிய தொக்கு தொக்குன்னுதான் கேக்குது. தெருவுல யாரோ நம்ம வூட்டுல மாவு இடிக்கிறாங்களான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன்."

வீடு அமைதியாக இருந்தது. துபாயிலிருந்து ஃபோனில் பேசும்போது எப்போதும் பின்னால் ஏதோ சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாக அவருக்கு ஞாபகம். டிவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மார்ச் இரண்டாம் தேதியோடு ஆறு மாதம் முடிகிறது. அதற்குள் துபாய் மண்ணில் கால் வைக்காவிட்டால் விசா போய்விடும். கம்பெனியில் விருந்து மேடை வேலை இருக்கிறது, வா என்றார்கள். அவருக்குப் போக விருப்பமில்லை. விருப்பமில்லை என்று மட்டும் வீட்டில் சொல்ல முடியாது என்று தோன்றியது. இங்கே ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

ஜனவரியில் அரியலூருக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அண்ணாதுரையின் சவுண்ட் சர்வீஸ் கடை. வாசலில் சிமெண்ட் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அடுக்கியிருந்த ஸ்பீக்கர் பெட்டிகள் மேல் வெள்ளைப் புழுதி.

"பெரிய ஜாக் ஒயர் ரெண்டு வேணுங்க. அஞ்சு மீட்டர்."

"எதுக்கு பாய், கிட்டாருக்கா?"

"ஸ்டேஜ் பியானோவுக்கு."

அண்ணாதுரை நிமிர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சில்.

"அதுல ரிதம் எத்தனை இருக்கு?"

"ரிதம் கெடையாதுங்க."

"ஸ்பீக்கர்?"

"அதுவும் கெடையாது. ஒயர் போட்டுத்தான் வெளிய எடுக்கணும்."

"பின்ன என்னதான் பாய் இருக்கு அதுல?"

"பியானோ இருக்கு."

அண்ணாதுரை சிரித்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

பிப்ரவரியில் அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் இருபத்தைந்தாவது ஆண்டு விழா. மேடை அண்ணாதுரையுடையது. மியூசிக் டீச்சர் சசிகலா பியானோ இல்லாமல் வாசிக்க மாட்டேன் என்கிறார்.

"என்கிட்ட இருக்குற கீபோர்டைக் காமிச்சேன். பொம்மைன்னுட்டாங்க. திருச்சியில படிச்சவங்களாம். நான் எங்க போறது பியானோவுக்கு?"

"நான் கொண்டாந்து செட் பண்ணித் தரேன்."

நைனா முகமது பேசிக்கொண்டே கீழே கிடந்த ஒயர் ஒன்றை எடுத்தார். ஒரு சுற்று மேலே, ஒரு சுற்று உள்ளே என்று மாற்றி மாற்றிச் சுற்றினார். முறுக்கே விழவில்லை. அண்ணாதுரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஆளுங்க முறுக்குப் புழியிற மாதிரி சுத்தி வெக்கிறானுங்க பாய். பிரிக்கவே அரை நாள் ஆவுது. இந்த விழா நல்லபடியா போகட்டும். என்கூடவே வந்துடுங்க. மாசி, பங்குனி, சித்திரை மூணு மாசமும் மேடைதான்."

பஸ்ஸில் திரும்பும்போது நைனா முகமது அந்த மூன்று மாதங்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். வீட்டில் வேலை பற்றி எதையும் சொல்லவில்லை. நல்லபடியாக முடியட்டும்.

விழாவன்று காலையிலேயே பியானோ வண்டியில் போனது. பள்ளி மைதானத்தில் மேடை. அவர் ஸ்டாண்டை நிறுத்தினார். பெஞ்சின் உயரத்தைச் சரிசெய்தார். பெடலுக்கு அடியில் ரப்பர் விரிப்பை வெட்டிப் போட்டார். ஒயர்களை மேடையோடு டேப் போட்டு ஒட்டினார். எண்பத்தெட்டையும் சோதித்தார். பன்னிரண்டு நிமிடம்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் சசிகலா டீச்சர் வந்தார். கூடவே பிசிக்ஸ் வாத்தியார் செந்தில்குமார், புல்லாங்குழலோடு. இருவரும் சேர்ந்து ஒரு உருப்படி வாசிக்கப் போகிறார்கள். விழாவில் முதலில் அதுதான். டீச்சர் உட்கார்ந்து காலால் பெடலை அழுத்திப் பார்த்தார்.

"யாருங்க இதை செட் பண்ணுனது?"

"நான்தாங்க."

"பெடல் நழுவவே இல்ல. எங்க வாசிச்சாலும் பெடலைத் தேடிக்கிட்டே வாசிப்பேன்."

இருவரும் முழுதாக ஒரு முறை வாசித்தார்கள். குழலும் பியானோவும் ஒட்டிக்கொண்டு போயின. மிக்சருக்குப் பின்னால் இருந்து அண்ணாதுரை கட்டைவிரலைக் காட்டினார். நைனா முகமது பிரித்த டேப்பின் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். இந்த ஊரில் வாசிப்பவர் ஒருவர் அவர் வேலையைப் பார்த்துப் பாராட்டியது இதுதான் முதல் முறை.

ஐந்து மணிக்கு மைதானம் நிறைந்தது. ருமைசா பெரம்பலூரில் இருந்து நேராக வந்திருந்தாள். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாளாம். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மேடை விளக்குகளைப் போட்டார்கள். சிறப்பு விருந்தினர் வந்த அதே நேரத்தில் கரண்ட் போனது.

ஜெனரேட்டர் ஓட ஒரு நிமிடம் ஆனது. விளக்குகள் மறுபடி எரிந்தன. நைனா முகமது பியானோவிடம் போனார். மிக்சரில் பியானோ லைனை மூடிவைக்கும்படி அண்ணாதுரைக்குக் கை காட்டினார். வால்யூமை அடியில் இறக்கினார். பவர் போட்டார். இடது கை ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தது. வலது கை அதன் பக்கத்துப் பட்டனை இரண்டு முறை தட்டியது. வால்யூமை ஏற்றினார். பெஞ்சை ஒரு விரல் அகலம் பின்னால் தள்ளினார். மேடை ஓரத்துக்கு வந்து நின்றார். எல்லாம் அரை நிமிடம்.

சசிகலா டீச்சர் வந்து உட்கார்ந்தார். தனியாகத் தொடங்கினார். நாலைந்து கீ தொட்டதும் புருவம் சுருங்கியது. விரல்களைப் பார்த்தார். நிறுத்தாமல் வாசித்தார். செந்தில்குமார் குழலை உதட்டில் வைத்து ஊதினார்.

நைனா முகமதுவுக்கு இரண்டும் கேட்டன. இரண்டும் தெளிவாகக் கேட்டன. கரகரப்பு இல்லை. ஆனால் முதல் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார். பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். செந்தில்குமார் குழலை எடுத்தார், துடைத்தார், மறுபடி ஊதினார். சிரிப்பு அதிகமானது. டீச்சர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணாதுரை ஓடி வந்தார்.

"பாய், சுருதி சேரல."

நைனா முகமது குனிந்து ஜாக்கைத் தொட்டுப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. அடாப்டரைப் பார்த்தார். பெடல் ஒயரைப் பார்த்தார். பத்தொன்பது வருடம் பார்த்ததையெல்லாம் வரிசையாகப் பார்த்தார். தவறு எதுவும் இல்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

செந்தில்குமார் மேடை ஓரத்துக்கு வந்தார். கோபம் இல்லை.

"என் குழல் தப்புன்னா மத்தியானமே தப்பா இருந்திருக்கணும் சார். உங்க பியானோ ஒரு கட்டை எறங்கி நிக்குது. கரெக்டா ஒரு கட்டை."

அப்போதுதான் புரிந்தது.

லாபியில் மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ்காரி எட்டு வருடம் பியானோ வாசித்துக்கொண்டே பாடினாள். ஐந்தாவது வருடம் ஒரு நாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். மேல் ஸ்தாயியில் குரல் போய்விட்டது, பியானோவை இரண்டு அரைச்சுரம், அதாவது ஒரு கட்டை, இறக்கிவைக்க முடியுமா என்றாள். பிறகு, யாரிடமும் சொல்லாதே என்றாள். வேறு ஆள் தேடுவார்கள். சுருதி மாற்றினால் பட்டனில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அவர் அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. அவரும் பேசவில்லை. தினமும் விளக்குகள் எரிந்து, ஆட்கள் உட்கார்ந்து, பவர் போட்டதும் அவர் கை அதைச் செய்தது. மூன்று வருடம். ஆயிரம் முறை இருக்கும்.

அவர் மேடையில் நடந்தார். அறுநூறு பேர் பார்த்தார்கள். டேப்பை நகத்தால் உரித்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டனைப் பிடித்து, இந்த முறை அதன் மறுபக்கத்துப் பட்டனை இரண்டு முறை தட்டினார். விளக்கு அணைந்தது.

"இப்ப வாசிங்கம்மா. மன்னிச்சுக்குங்க."

டீச்சர் விளக்கு இருந்த இடத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். வாசித்தார். குழல் சேர்ந்தது. முடிந்தபோது நன்றாகவே கை தட்டினார்கள்.

விழா ஏழு மணிக்கு முடிந்தது. அவர் ஒயர்களைச் சுற்றினார். அண்ணாதுரை வரும்வரை தலை நிமிரவில்லை.

"பயந்துட்டேன் பாய். ஸ்பீக்கர்தான் போச்சுன்னு நெனச்சேன்."

"தப்பு என்னுதுதாங்க."

"ரெண்டு நிமிஷந்தானே. போன வாரம் எங்க ஆளு ஒரு கல்யாணத்துல மைக்கை ஆஃப் பண்ணாம மாப்பிள்ளை வூட்டுக்காரங்களைத் திட்டித் தீத்துட்டான். மண்டபமே கேட்டுச்சு. அதுக்கு இது பரவால்ல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "சனிக்கிழமை உடையார்பாளையத்துல ப்ரோக்ராம். மத்தியானமே வந்துடுங்க. பியானோ இன்னிக்குக் குடோன்ல கெடக்கட்டும்."

சசிகலா டீச்சர் போகும்போது நின்றார்.

"யாருக்காக எறக்கினீங்க?"

"பழக்கம்ங்க."

"யாரோட பழக்கம்?"

"அங்க ஒருத்தரு இருந்தாங்க."

டீச்சர் தலையாட்டினார்.

அவரும் ருமைசாவும் பஸ்ஸில் திரும்பினார்கள். கூட்டம் இல்லை. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் சிரிச்சப்ப எனக்கு எழுந்து போயிடலாம் போல இருந்துச்சு அத்தா."

"எனக்குந்தான்."

அவள் சிரித்தாள். அவருக்குத் தைரியம் வந்தது.

"அண்ணாதுரை வேலை தரேங்கிறாரு. துபாய்க்குப் போக வேணாம்னு பாக்குறேன்."

அவள் சிரிப்பு நின்றது. வெளியே பார்த்தாள். ஒரு ஊர் போனது.

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"அவ என்ன சொல்லப் போறா."

"சொல்ல மாட்டாங்க." துப்பட்டா ஓரத்தை விரலில் சுற்றினாள். "அம்மாகிட்ட புள்ளைங்க ஓத வந்துச்சுல்ல, குர்ஆன். அசருக்கு மேல. முன்னறையில."

"எனக்குத் தெரியாதே."

"ஃபோன்ல சத்தம் கேட்டிருக்குமே. எல்லாம் பன்னெண்டு, பதிமூணு வயசுப் பொம்பளைப் புள்ளைங்க. பதினேழு பேரு. கூட அவங்க அம்மாங்களும் வந்து உக்காந்துடுவாங்க. தெனமும் ரெண்டு லிட்டர் பால் வாங்குவோம். பொழுது சாஞ்சு மஃரிபு வரைக்கும் வூடு கல்யாண வூடு மாதிரி இருக்கும். நான் காலேஜ்லேர்ந்து வந்தா உக்கார இடம் இருக்காது."

"இப்ப?"

"இப்ப அடுத்த தெரு ஃபைஸா மாமி வூட்டுல ஓதுறாங்க. அந்த மாமியோட நாத்தனாதான் ஓதிக் குடுக்குறாங்க."

"எப்பலேர்ந்து?"

"நீங்க வந்ததுலேர்ந்து. ஆம்பளை இருக்குற வூட்டுக்குப் பெரிய புள்ளைங்களை அனுப்ப மாட்டாங்கல்ல."

"முந்தி லீவுக்கு வந்தப்பல்லாம்?"

"அது ஒரு மாசந்தானே. ஒரு மாசம் லீவு விட்டுட்டு மறுபடி வருவாங்க." அவர் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

குன்னத்தில் இரண்டு பேர் ஏறினார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார். நைனா முகமது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான்கு மாதம் அவர் மாலை நான்கரை மணிக்கு அந்த முன்னறையில் ஹெட்ஃபோனை மாட்டி உட்கார்ந்திருந்தார்.

நஃபீசா சோறு எடுத்து வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்.

"நான் போகல. இங்க வேலை கெடச்சிருக்கு."

அவள் தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்தபடி நின்றாள்.

"நல்லது" என்றாள்.

"பியானோ அரியலூர்லயே குடோன்ல இருக்கட்டும். முன்னறை உனக்கு வேணும்."

"எனக்கு எதுக்கு?"

"அசருக்குப் போனேன்னா மஃரிபு தொழுதுட்டுத்தான் இனிமே வருவேன். தெனமும். அந்த நேரத்துல வூட்டுல இருக்க மாட்டேன்னு கேக்குறவங்ககிட்ட சொல்லிடு."

அவள் அவரைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அவ்வளவு நேரம் அவரைப் பார்த்ததில்லை.

"எங்க இருப்பீங்க?"

"எங்கயாவது இருக்கேன்."

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளாற்றுப் பாலத்துக்குப் போனார். ஆற்றில் மணல்தான் இருந்தது. அடுத்த நாள் பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்தார். தெரிந்தவர்கள் நின்று, எப்போ பயணம் என்று கேட்டார்கள். போகவில்லை என்றார். அதற்கு மேல் அவரிடம் கேட்க அவர்களுக்கு எதுவும் இல்லை. மறுநாள் அதே ஆட்கள் அதையே கேட்டார்கள். சனிக்கிழமை உடையார்பாளையம் போனார். அது ஒரு நாள். மற்ற ஆறு நாளும் பாலம், பஸ் நிற்கும் இடம், பள்ளிவாசல் தாழ்வாரம்.

மார்ச் இரண்டாம் தேதி வந்தது, போனது.

அடுத்த வாரம் ஒரு மாலை மஃரிப் தொழுதுவிட்டுத் தெருவுக்குள் வந்தார். பிள்ளைகள் போயிருக்க வேண்டிய நேரம். வீட்டு வாசல் முழுக்க இன்னும் செருப்பு. சின்னதும் பெரியதுமாக ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. உள்ளே பல குரல்கள் சேர்ந்து ஓதின. ஒரு குரல் தடுக்கியது. நஃபீசா நிறுத்தினாள், திருத்தினாள், மறுபடி தொடங்கச் சொன்னாள். கண்டிப்பான, கணீரென்ற குரல். ஃபோனில் அவள் அப்படிப் பேசியதே இல்லை. பிறகு யாரோ ஏதோ சொன்னார்கள், பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவர் வந்த வழியே திரும்பித் தெரு முக்குக்குப் போனார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்ன பாய், தொழுது முடிச்சு வூட்டுக்குப் போகலையா?" என்றார் டீ மாஸ்டர்.

"வூட்டுல ஆளுங்க இருக்காங்க" என்றார் நைனா முகமது. "ஒரு டீ போடுங்க."